கனவானின் உக்கிராணம்

எங்கள் படக்கடை ஜன்னலுக்கு முன்னால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கூட்டம் நிற்கும். அதில் படம் வாங்குகிறவர்கள் கொஞ்சம். மற்றவர்கள் ஓசிச் சிரிப்புக்கு வந்தவர்கள். பாவாடையைத் தூக்கிக்கொண்டு சாக்கடையைத் தாண்டும் சீமாட்டி, நாய் துரத்தும் பாதிரியார், இறுகிப்போன பூட்ஸைக் கழற்ற மூன்று வேலைக்காரர்களிடம் காலைக் கொடுத்துவிட்டுக் கத்தும் இளவட்டம் என்று ஒவ்வொரு கண்ணாடிச் சதுரத்திலும் ஒரு கேலிப்படம் தொங்கும். லண்டனில் தெருவில் தடுக்கி விழுகிறவன் அடுத்த வாரம் எங்கள் ஜன்னலில் விழுந்துகொண்டிருப்பான்.

அச்சாகி வரும் படங்களுக்கு வர்ணம் பூசுவது எங்கள் வேலை. கடைக்குள் ஜன்னலைப் பார்த்த நீள மேஜையில் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்திருப்போம். ஆளுக்கு ஒரு நிறம். தாள் கைமாறி வரும், அவரவர் நிறத்தைத் தொட்டு வைத்து அடுத்தவளிடம் தள்ளவேண்டும். நான் நீலம். கெசையா சிவப்பு. ஊரில் உள்ள சிப்பாய்க் கோட்டும் குடிகாரன் மூக்கும் அவள் பொறுப்பு.

கெசையாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம். அவள் அப்பா பென்ஃபோல்ட் ஒரு காலத்தில் வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. வக்கீல் செத்துப்போனார், வேலையும் போயிற்று. வேறு வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் மனிதர் கறுப்புக் கோட்டின் தையல் வெளுத்த இடத்தில் மை தடவிக்கொண்டு தினமும் காலையில் கிளம்பிவிடுவார். மதியச் சாப்பாடு ஒரு பழைய வக்கீல் நண்பர் வீட்டில். அந்த வீட்டுச் சமையல்காரி, பெண்ணுக்குக் கொடுங்கள் என்று வேகவைத்த மாட்டுக்கறியும் ரொட்டியும் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தனுப்புவாள். இதைக் கெசையா சொல்லாத நாள் கிடையாது. நாங்கள் ஆறிப்போன உருளைக்கிழங்கை மென்றுகொண்டு கேட்போம்.

அவள்மேல் எரிச்சல் வந்தாலும் அவள் அப்பாமேல் வராது. சனிக்கிழமை சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வருவார். முதலில் ஜன்னலில் கூட்டத்தோடு நின்று எல்லாப் படத்தையும் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார். பிறகு உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எங்கள் நாலு பேருக்கும் தனித்தனியாகத் தலை வணங்குவார். விரலெல்லாம் சாயம் ஒட்டின எங்களுக்கு அந்த ஊரில் தொப்பி எடுத்த ஒரே மனிதர் அவர்தான். மீன்காரிக்குக்கூட எடுப்பார்.

படம் வரைகிற லவெட் ஓர் அவசரக்காரர். செப்புத்தகட்டில் எப்படிக் கீறினாலும் காகிதத்தில் அது இடம் வலமாகப் புரண்டு விழும் என்பது தொழிலில் இருக்கும் குழந்தைக்குத் தெரியும். ஒழுங்கான ஆட்கள் அதனால் முன்கூட்டியே மாற்றி வரைவார்கள். லவெட் கண்ணால் கண்டதைக் கண்டபடி கீறிவிட்டுப் போய்விடுவார். அவர் படத்தில் லண்டன் முழுக்க இடது கையால் சாப்பிடும்.

அந்த வாரம் அவர் கொண்டுவந்த தகட்டின் பெயர் 'கனவானின் உக்கிராணம்'. தரைக்குக் கீழே இருட்டறையில் இருக்கும் சாப்பாட்டுக் கடை. யாரும் திருடிவிடாதபடி முள்கரண்டியை மேஜையோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறது. வண்டிக்காரர்களுக்கு நடுவில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர், முழங்காலுக்கு இடையில் தொப்பியை மல்லாத்தி வைத்து, பாதிக் கறியைக் கைக்குட்டையில் சுற்றி உள்ளே தள்ளுகிறார். தொப்பிதான் அவருடைய சாமான் அறை. கண் மட்டும் யோக்கியமாகக் கூரையைப் பார்க்கிறது.

எங்கள் எஜமானி மிஸஸ் க்ரிம்வுட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். இந்த ஆள் தினமும் வருவதாகவும், சாப்பிடுமுன் ஜெபம்கூடச் சொல்வதாகவும் லவெட் சொன்னார். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று எனக்கு ஒரு கணம் தட்டியது. ஆனால் படத்து ஆளுக்கு மச்சம் இடது கன்னத்தில். எனக்குத் தெரிந்தவருக்கு வலது கன்னத்தில். தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் அதற்குமேல் என் மூளை ஓடவில்லை. எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது கெசையாதான்.

நாங்கள் பார்த்துப் பூசவென்று எஜமானி வர்ணம் பூசிவைத்த மாதிரிப் படத்தில் மூக்கு நன்றாகச் சிவந்திருந்தது. கெசையா அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு தாளிலும் சிவப்பை வைத்துக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் அவள் கறிக்கதை சொல்லவில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள்.

சனிக்கிழமை மழை. சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும், தலைவலி என்று கெசையா கேட்டாள். எஜமானி விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்தப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். பென்ஃபோல்ட் வந்து அதில் கலந்தார். சீமாட்டியைப் பார்த்துச் சிரித்தார். பாதிரியாரைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த சதுரத்துக்கு நகர்ந்தார்.

எல்லோரையும் ஏமாற்றிய மச்சம் அவரை ஏமாற்றவில்லை. தன் முகத்தை அவர் பார்த்ததெல்லாம் சவரக் கண்ணாடியில்தானே. அதில் தெரிகிற பக்கத்தில்தான் லவெட் படத்திலும் மச்சம் இருந்தது. அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பக்கத்தில் நின்ற கரிமூட்டைக்காரன் அவர் தோளைத் தட்டி என்னமோ சொல்லிச் சிரித்தான். அவரும் சிரித்துவைத்தார்.

எஜமானி கதவைத் திறந்து, நனையாமல் உள்ளே வரச் சொன்னாள். வந்தார். வழக்கம்போலக் கை தொப்பிக்குப் போயிற்று. விளிம்பைத் தொட்டது, அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கிவிட்டது. அவர் தொப்பியை எடுக்கவில்லை. அதிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூசிப்போயிற்று.

"புதுப் படம் பாத்தீங்களா, மிஸ்டர் பென்ஃபோல்ட்?" என்று எஜமானி கேட்டாள். "ஊரே சிரிக்குது."

"பாத்தேம்மா. உள்ளத உள்ளபடி வரைஞ்சிருக்கார்."

அவர் மகளைப் பார்த்தார். அவள் முன்னால் அந்தத் தாள்கள்தான் அடுக்கியிருந்தன. கெசையா நிமிரவில்லை. அவள் கைத் தூரிகை ஒரு மூக்கின்மேல் இருந்தது.

"நீ வேலைய முடிச்சிட்டு மெதுவா வாம்மா, நான் முன்னால போறேன்" என்று சொல்லிவிட்டு, யாருக்கும் தலை வணங்காமல், கழுத்தை ஆட்டாமல் நேராக வைத்துக்கொண்டு போனார். பெரிய மனுஷன் தொப்பியைக்கூட எடுக்கவில்லை, மரியாதையெல்லாம் மழையில் கரைந்துவிட்டது போல என்று எஜமானி முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை கடைக்கு வரும் வழியில், நான் கேட்காமலே கெசையா பேசினாள். "வீட்டுக்குப் போனேன்டீ. தட்டுல கறிய எடுத்து வெச்சிருந்தார். வக்கீல் சிநேகிதர் ஊரவிட்டே போறாராம், இனிமே எதுவும் வராதாம்."

"நீ என்ன சொன்ன?"

"போனாப் போறார்ப்பான்னேன். பாதி பாதியாத் தின்னோம். இத்தன நாளா நான் முழுசாத் தின்னிருக்கேன், டாம்சின். நீங்க சாப்பிட்டாச்சான்னு ஒரு நாள்கூடக் கேட்டதில்ல."

படம் சக்கைப்போடு போட்டிருந்தது. மேஜைமேல் புதுக் கட்டு காத்திருந்தது. நான் கோட்டுக்கு நிழல் நீலம் வைத்துத் தள்ளினேன். கெசையா கன்னத்துக்கு லேசாகப் பூசினாள், மூக்கை விட்டுவிட்டாள். அடுத்த தாளிலும் விட்டாள். எஜமானி பார்த்துவிட்டு, தூக்கமா, மூக்கு எங்கே என்று கேட்டாள்.

கெசையா தூரிகையைக் கீழே வைத்தாள். காதுவரை சிவந்திருந்தாள்.

"மூக்குல செவப்பு வேண்டாம்மா. எங்கப்பா குடிக்க மாட்டார்."

எஜமானி அவளைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். அதைத் தூக்கி, பின்பக்கம் தன்னைப் பார்க்க, வெளிச்சம் ஊடுருவும்படி ஜன்னலுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள். மச்சம் வலது கன்னத்துக்கு வந்தது. எஜமானி தாளை மெதுவாக வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, கடை வாசலுக்குப் போய்விட்டாள். மூக்குக்குச் சிவப்பு வைத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. வியாபாரி, படத்தை நிறுத்தவும் இல்லை.

அந்தக் கட்டு முழுவதும் வெளுத்த மூக்கோடு போயிற்று. அது சரியாக விற்கவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தவர்கள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, அடுத்த சதுரத்துக்கு நகர்ந்தார்கள். பசித்தவனைப் பார்த்துச் சிரிக்க, அவன் மூக்காவது சிவந்திருக்க வேண்டியிருக்கிறது.