காலி இடத்தில் வைத்த படம்

1

உங்கள் தங்கை எழுதியதில் ஒரு தப்பு உங்கள் கண்ணில் முதலில் பட்டால், யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

பக்கத்து அறைக்காரர் பொதுச் சமையலறையில் என்னிடம் இப்படிக் கேட்டார். இந்தக் கட்டடத்தில் நான் பேச்சுக் கொடுக்க அவர் ஒருவர்தான். பதில் தெரியாததால் கதையாக எழுத உட்கார்ந்தேன்.

2

அக்காவுக்கு ஒரு ஆய்விதழில் வேலை. வெளியான கட்டுரைகளின் நுண்ணோக்கிப் படங்களைச் சரிபார்ப்பாள். [அவள் கண்களைப் பற்றி இங்கே நல்லதாக ஒரு வாக்கியம் வர வேண்டும்.] படத்தைத் தலைகீழாக வைத்துத் தூசியை மட்டும் தேடுவாள். செல்கள் ஒன்றுபோல இருக்கலாம். தூசி இரண்டு தடவை ஒரே மாதிரி விழாது.

ஒரு நாள் அப்படி விழுந்திருந்தது. மருந்து கொடுத்த செல்களுக்கும் கொடுக்காத செல்களுக்கும் ஒரே படம். வெட்டிய அளவுதான் வேறு. கட்டுரையில் முதல் பெயர் தங்கையுடையது.

3

அக்கா அதிர்ந்துபோய் நாற்காலியில்...

[வேண்டாம். அவள் அப்படி அதிர்கிற ஆள் இல்லை.]

போன் செய்தாள்.

"ஏய், உன் கட்டுரையில நாலாவது படத்தப் பாத்தியா?"

"எது? ஐயோ! அது சும்மா இடத்துக்கு வெச்சதுக்கா. அசல் வந்ததும் மாத்தணும்னு இருந்தேன்."

"மாத்தினியா?"

"மாத்தியிருந்தா நீ ஏன் கூப்பிடப்போற? சரி, இன்னும் யாரும் பாக்கலல்ல?"

"அப்ப நான் யாராம்?"

"நீ அக்கா!"

"அதுக்கா எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?"

தங்கை சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் என் வேலைய நிரந்தரமாக்குறதப் பத்திப் பேசப்போறாங்க. அசலத் தேடி அனுப்புறேன், சத்தமில்லாம மாத்திடு. முடிவு ஒண்ணும் மாறாதுக்கா."

"அந்த முடிவ நம்பித்தான்டி அடுத்தவங்க ஆராய்ச்சி பண்றாங்க."

4

தங்கை தேடுவாளா, புதிதாக ஒன்றைத் தயார் செய்வாளா? நான் உண்டாக்கிய ஆள்தான், எனக்கே தெரியவில்லை. அசல் கிடைத்து இதழில் திருத்தம் வெளியாவதாக ஒரு முடிவு எழுதினேன். கிடைக்காமல் கட்டுரையே திரும்பப் பெறப்படுவதாக இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன்.

திரும்பப் படித்தபோதுதான் பார்த்தேன், அக்காவின் கண்களுக்கு விட்ட இடம் இன்னும் அப்படியே கிடக்கிறது. சத்தமில்லாமல் நிரப்பியிருக்கலாம். நிரப்பவில்லை.

போனில் பேசிய அன்று மாலையே அக்கா இதழாசிரியருக்கு எழுதினாள்: நாலாவது படத்தில் சிக்கல் இருக்கிறது. எழுதியவள் என் தங்கை. வேறு யாராவது விசாரிக்கட்டும்.

மறுநாள் காலை தங்கையிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. அக்கா அதைத் திறக்காமலே இதழாசிரியருக்கு அனுப்பினாள்.