கடலைத் துவைக்கப் போனவன்

1

இந்தக் கதை சாப்பாட்டு மேசையில் நடந்த ஒரு சண்டையில் பிறந்தது. என் மகளுக்குக் கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. சரக்குக் கப்பலின் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிவிடுகிறார்களாம். உள்ளே பட்டுத்துணிச் சுருள். கப்பல் போகப் போக, கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களெல்லாம் பட்டில் ஒட்டிக்கொள்ளுமாம்.

"கப்பல்காரனுக்கு இதுல என்ன லாபம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. கப்பல் எப்படியும் போகுது, பெட்டியும் கூடப் போகுது. கடல் சூடாச்சுன்னா இந்த உயிருங்க இடம் மாறும். எது எங்க போச்சுன்னு பட்டைப் பாத்தா தெரியும்."

"எவன் சும்மா இழுப்பான்? பெட்டிக்குள்ள வேற என்னமோ இருக்கு."

"உன்னைக் கட்டி இழுத்தா பட்டு முழுக்கச் சந்தேகம்தான் ஒட்டியிருக்கும்."

நான் சலவைக்கடை வைத்திருந்தவன். படிப்பு கம்மி. கப்பலில் கால் வைத்ததில்லை. ஆனால் பட்டு* தெரியும்.

2

முதல் தொடக்கம்: "விடியலில் கடல் பால்போல..." (அடித்துவிட்டேன். எவன் பார்த்தான்?)

இன்னொன்று: நடுக்கடல். தூக்கத்தில் நடப்பவனைப்போல் கப்பல் போகிறது. கம்பிக் கயிற்றின் நுனியில், தண்ணீருக்கடியில், பெட்டி. அதற்குள் பட்டு மெல்ல மெல்லச் சுருள்கிறது. கடல் தன் கனவை அதில்...

("கனவெல்லாம் வேணாம்ப்பா. பச்சையா ஒட்டும்னு எழுது.")

பச்சையாக ஒட்டுகிறது. ஆனாலும் கனவுதான், போங்கள்.

3

பெட்டியைத் தண்ணீரிலிருந்து தூக்க ஒரு மாலுமி வேண்டும். 'துடைப்பான்' என்று வைத்துக்கொள்வோம். கப்பலில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். துரு, எண்ணெய், உப்பு எதைக் கண்டாலும் அவன் கை சும்மா இருக்காது.

தூக்கும்போது பெட்டி கம்பியில் மோதி, மூடி தெறித்தது. பட்டு தளத்தில் அவிழ்ந்து கிடக்கிறது. பச்சையும் பழுப்புமாய்.

"சுருட்டி, கெடாம இருக்க மருந்துல போட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பு" என்று கேப்டன் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

"இவ்வளவு அழுக்கோட அனுப்பினா ஆராய்ச்சிக்கூடத்து அம்மா நம்மள என்ன நினைக்கும்?" என்றான் துடைப்பான்.

"துவைக்காட்டி உனக்குத் தூக்கம் வராது, அதைச் சொல்லு" என்றார் கப்பல் சமையல்காரர்.

துடைப்பான் வாளியை வைத்துக் குழாயைத் திறந்தான்.

4

இதுவரை படித்த மகளின் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தக் கப்பல் கம்பெனியைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வெச்சதே நான்தான். முதல் பட்டே வெள்ளையா வந்தா, இந்தக் கப்பலே வேணாம்னு எங்க ஆளுங்க விட்டுடுவாங்க. அந்தப் பக்கம் வேற கப்பலே போறதில்ல. அங்க கடல் என்னாகுதுன்னு எப்படிப்பா தெரிஞ்சுக்கிறது?"

"கதைதானே?"

"கதையிலகூட வேணாம்."

சரி. முடிவு ஒன்று: கப்பலில் நல்ல தண்ணீர் தீர்ந்துபோனது. (பித்தலாட்டம்.)

முடிவு இரண்டு: கேப்டன் ஓடிவந்து கையைப் பிடித்தார். (சரியான நேரத்தில் வந்து நிற்பவனை நான் நம்புவதில்லை.)

முடிவு மூன்று: துவைத்துவிட்டான். என் கை இதைத்தான் எழுதத் துடிக்கிறது. அலசி, நிழலில் காயவைத்து, மடித்து அனுப்பினான். மகள் அதை விளக்கடியில் விரிக்கிறாள். வெள்ளை. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கடலில் எதுவுமே இல்லை, எதுவுமே

5

இன்னும் துவைக்கவில்லை. துடைப்பான் பட்டின் ஒரு நுனியை வெயிலில் தூக்கிப் பிடிக்கிறான். பச்சைக்குள் வெளிச்சம் புகுந்து அவன் விரல்களில் ஊர்கிறது. கப்பலும் தூக்கத்திலேயே போகிறது.

"இது கறையா?" என்று கேட்கிறான்.

சமையல்காரர் உள்ளே போய்விட்டார். என்னைக் கேட்டால் கறை என்றுதான் சொல்வேன். அதைச் சொல்லியே பிழைத்தவன். மகள் சொன்னால் அவன் காதில் விழாது. அவள் கரையில் இருக்கிறாள். ஆகவே அவன் கேட்பது உங்களைத்தான்.

சட்டென்று சொல்லுங்கள். வாளி நிரம்பிவிட்டது.

* பட்டைப் பிழியக் கூடாது. அது துடைப்பானுக்கும் தெரியும். பிழியாமலே எல்லாம் போய்விடும், அதுதான் பயம்.