கார்டன்ஸில் ஓர் அந்தியேட்டி

பதினையாயிரம் சனம் எழும்பி நிற்க, தொலைக்காட்சியில் இன்னும் மூன்று கோடிப் பேர் பார்த்திருக்க, ஐஸின் மேல் அந்தியேட்டி செய்தவன் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

நம்பமாட்டீர்கள். பேபியும் நம்பவில்லை. அவள்தான் நம்பவேண்டியவள், செத்தது அவளுடைய புருஷன் இராஜரட்ணம்.

நானும் அவனும் எண்பத்தாறில் ஒரே கிழமை வேலைக்குச் சேர்ந்தவர்கள். ‘மேப்பிள் லீஃப் கார்டன்ஸ், கூட்டுகிற வேலை’ என்று யாரோ சொல்ல, மேப்பிள் இலை கூட்டுகிற தோட்டமாக்கும் என்று நினைத்து, றப்பர் சப்பாத்தும் தும்புத்தடியுமாக வந்து நின்றான். அது ஐஸ் ஹொக்கி ஆடுகிற மண்டபம். உள்ளே ஐஸைக் கண்டதும், “சீனியண்ணை, மரங்கள் எங்கை?” என்றான். அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு இரண்டு பல் விழுந்தது.

ஆனால் அங்கே ஆடிய ஹொக்கி அணியை அவன்போல் நேசித்தவன் இல்லை. மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது அறுபத்தேழில். “வாற வருசம் கட்டாயம், அண்ணை” என்பான், சனம் போட்ட கச்சான் கடலைக் கோது கூட்டியபடி. ஒவ்வொரு வருடமும் அதையேதான் சொன்னான்.

தொண்ணூற்றொன்பது தைப்பொங்கலன்று அவனுக்கு மாரடைப்பு. முப்பத்தோராம் நாள், பெப்ரவரி பதின்மூன்று, சாம்பல் கரைக்கிற அந்தியேட்டி. அதே சனிக்கிழமைதான் கார்டன்ஸில் கடைசி ஆட்டம்; அணி புது மண்டபத்துக்குப் போகிறது.

காலையில் ஒன்ராறியோ வாவியில் சாம்பலைக் கரைத்தார்கள். அதற்கு முன் பேபியிடம் கெஞ்சினேன்.

“ஒரு சிட்டிகை தா, பிள்ளை. அவன்ரை இடத்திலை விடுறன். ஐஸும் தண்ணிதானே.”

அழுதழுது ஒரு பிலிம் டப்பாவில் தந்தாள்.

பிறகு என் வாய்தான் கெடுத்தது. சாம்பலை எப்படி விட்டனீங்கள் என்று அவள் தொலைபேசியில் கேட்டபோது, சனம் எழும்பி நின்றது என்றேன். அடுத்த முறை, ஆட்டக்காரர் தலைக்கவசம் கழற்றினார்கள். மூன்றாம் முறை, ஐஸ் மெசின்காரன் சங்கு ஊதினான்.

“அண்ணை, போன கிழமை சங்கு இல்லை. உங்கடை பகிடி எனக்கு வேண்டாம். அவரைக் குப்பை வாளிக்கையோ போட்டனீங்கள்? அதை மட்டும் சொல்லுங்கோ. எனக்கு நித்திரை இல்லை.”

அப்போதுதான் உள்ளதைச் சொன்னேன். இரண்டாம் இடைவேளையில் ஐஸ்தூள் அள்ளச் சவலோடு போனேன். நடுவில் கீறியிருந்த அணியின் நீல இலைக்குப் பக்கத்தில் குனிந்து டப்பாவைக் கவிழ்த்தேன். பின்னால் ஐஸை மட்டப்படுத்தி வந்த மெசின் சுடுதண்ணீர் விட்டது. கொஞ்ச நேரத்தில் அது உறைய, அவன் கண்ணாடிக்கு அடியில் போய்விட்டான். அதற்கு மேல் ஆடித்தான் சிக்காகோவிடம் ஆறுக்கு இரண்டு என்று தோற்றார்கள். அறுபத்தேழு வருடத்துக்கு முன், திறந்த அன்றும் சிக்காகோவிடம்தான் தோற்றார்களாம். அவன் குப்புறக் கிடந்திருந்தால் நல்லது.

“உதுதான் எல்லாத்திலும் பெரிய பொய்” என்றாள் பேபி. “ஒரு சோடினையும் இல்லை.”

வைத்துவிட்டாள். வாழ்நாளில் ஒருமுறை உண்மை சொன்னேன், அது விலைபோகவில்லை.

சித்திரையில் வோபர்ன் வீட்டுக்கு வரச்சொல்லி அழைத்தாள். மகன் ஜனார்த்தன் அந்த ஆட்டத்தைக் கசெற்றில் பதிந்து வைத்திருந்தானாம். நான் போய் இருந்ததும் போட்டாள். வெள்ளை ஐஸில் நகத்தளவு ஒரு மனிதன், கையில் சவல். குனிந்தான், நிமிர்ந்தான், நடந்தான். சனம் எதற்கோ ஆர்ப்பரித்தது. அவன் திரும்பவில்லை.

மூன்றுமுறை பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாள்.

“முதுகுதானே தெரியுது, பேபி” என்றேன். “ஆரும் சொல்லலாம், அது நானில்லை எண்டு.”

“கமெராவைக் கண்டால் பல்லைக் காட்டாமல் விட்டிருக்கிறியளே? ஜனார்த்தன்ரை பேர்த்டே அல்பத்திலை பிள்ளையை விட நீங்கள்தான் கூட.” சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். திரையில் அந்த முதுகு போய்க்கொண்டேயிருந்தது.

“சுடலையாலை வாற ஆள்தான் உப்பிடித் திரும்பிப் பாராமல் வரும். ஓம் அண்ணை… நடந்ததுதான்.”