ஜூட் வாங்கிய கறவை மாடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஒட்டுக் கேட்ட கதை.

சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பச்சைத் துண்டுக்காரர் கைபேசியை வாய்க்கு நேராகப் பிடித்து, நிலையம் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் செய்தி பதிவு செய்தார். “ஜூட்டு சார், மாடு குளிச்சி ரெடியா நிக்கிது. நீங்க என்னைக்கி வரீங்கன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா தேவல.”

அவர் துறையூர் பஸ்ஸில் ஏறினார். நானும் ஏறினேன். லால்குடியில் என்னை எதிர்பார்த்தவர்கள் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்கள்.

வாராவாரம் திகில் தொடர் எழுதிப் பழகிய கை. தொடக்கம் தானாக வந்தது:

காவிரியில் அந்த சூட்கேஸ் மிதந்து வந்தபோது, கரையில் நின்றவர்களில் ஒருவனுக்கு மட்டும்

வேண்டாம். இந்தக் கதையில் சூட்கேஸ் இல்லை.

மின்னஞ்சலைத் திறந்த தேவதர்ஷினி வீல் என்று

இதுவும் வேண்டாம். தேவதர்ஷினி வீல் என்று அலறுகிற ஆள் இல்லை. கெட்ட செய்தி வந்தால் நகத்தைக் கடிப்பாள், பிறகு அந்தச் செய்தியில் எழுத்துப் பிழை தேடுவாள்.

2

அவளை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். சென்னையில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலையை உதறிவிட்டு வந்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் உட்கார்ந்து மாட்டுச் சந்தைக்கு ஒரு செயலி எழுதியவள். யோசனை அவளுடையது. சந்தை அவளுடைய தாய்மாமன் வெள்ளைச்சாமியுடையது. துறையூர்ப் பக்கம் மாட்டுத் தரகர் என்றால் அவரைத்தான் கை காட்டுவார்கள். பஸ்ஸில் ஏறிய பச்சைத் துண்டு அவர்தான்.

அந்தத் துண்டு தோளுக்கு அழகாகப் போட்டதல்ல. சந்தையில் மாட்டின் விலையை வாயால் பேச மாட்டார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடிப்பார், மேலே துண்டு விழும், உள்ளே விரல்கள் பேசும். சுற்றி நிற்பவர்களுக்கு மாடு தெரியும், மனிதர் தெரியும், விலை தெரியாது. ஒத்துவந்தால் கை கொடுத்து முடிப்பார்கள். அதன்பிறகு வாங்கியவராகப் பார்த்துக் கையை விட்டாலொழிய, அந்த மாட்டை வேறு எவரும் விலை கேட்க மாட்டார்கள்.

தேவதர்ஷினி இதை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தாள். ‘துண்டு’ என்ற பொத்தானை அழுத்தினால் திரை கறுக்கும். உள்ளே இருவர் விரல்கள் மட்டும். ஒத்துவந்தால் ‘கை கொடு’. மனம் மாறினால் ‘கை விடு’. அந்தப் பொத்தான் வாங்கியவரிடம் மட்டும் இருக்கும்.

வெள்ளோட்டமாகச் சந்தைத் தரகர்கள் சிலருக்குச் செயலியை அனுப்பியும் வைத்தாள். “உள்ள நடக்கறத நான்கூடப் பாக்க மாட்டேன்” என்று சந்தையில் நின்று சொல்லிவிட்டும் வந்தாள். ஊருக்கெல்லாம் போக வேண்டுமென்றால் செயலிக் கடையின் பரிசோதகர் சரி சொல்ல வேண்டும்.*

* கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கும் அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

3

முதல் மறுப்பு. ‘தங்கள் படைப்பைச் சமர்ப்பித்தமைக்கு மகிழ்ச்சியுடன் நன்றி. படங்கள் செயலியின் உள்ளடக்கத்தைப் பிரதிபலிக்கவில்லை.’ நியாயம்தான். கறவை, கிடேரி, காளை, உழவு மாடு என்ற நான்கு தலைப்பின் கீழும் ஒரே பசு நின்றது. ஜீயபுரம் ரெங்கம்மாளின் செவலை. காளை என்ற தலைப்பின் கீழ் அது மடி தெரிய நின்றது.

இரண்டாம் மறுப்பு. அதே மகிழ்ச்சி, அதே நன்றி. ‘தங்கள் செயலி பயனரின் இதயத் துடிப்பை அறிய ஏன் அனுமதி கேட்கிறது?’ எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நிரலில் அந்த வரியும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மாமாவிடம் சொன்னாள்.

“வெல பேசுறப்ப அது தெரிஞ்சா நல்லதுதானம்மா. ஏன் எடுக்கச் சொல்றாங்க?” என்றார் வெள்ளைச்சாமி.

மூன்றாம் மறுப்பு. ‘எங்களால் உள்ளே நுழைய இயலவில்லை. சோதனைக் கணக்கு ஒன்று தருக.’

இங்கேதான் கதை தொடங்குகிறது. (ஆமாம், இப்போதுதான். அவசரக்காரர்கள் மேலே உள்ளதைத் தாண்டியிருக்கலாம்.)

சோதனைக் கணக்கு என்றால் பொய்ச் சந்தை, பொய் மாடு, பொய் வியாபாரி. உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். தேவதர்ஷினியும் செய்யத்தான் போனாள்.

“இல்லாத மாட்ட என் பேர்ல நிறுத்துவியா?” என்றார் மாமா.

“சும்மா பாத்துட்டுப் போறதுக்கு மாமா. அவரு மாடு வாங்க வரல.”

“சந்தைக்கு வரவன் அத்தன பேரும் மொதல்ல சும்மா பாக்க வந்தவன்தான். நெசச் சந்தையையே காட்டு. நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?”

காட்டினாள். கணக்குக்குப் பெயர் வேண்டும் என்றது திரை. கல்லூரியில் அவளிடம் பேனா இரவல் வாங்கித் திருப்பித் தராத ஒருவன் நினைவுக்கு வந்தான். ‘ஜூட்’ என்று போட்டாள்.

4

பரிசோதகர் உள்ளே வந்தார். செவலையைப் பார்த்தார். துண்டை விரித்தார். வெள்ளைச்சாமி பிடித்த விரலுக்கு மறுவிரல் பிடிக்காமல், கண்ணில் பட்ட பொத்தானை அழுத்தினார். கை கொடு.

“பேரமே பேசல பாப்பா” என்று மாமா போனில் உருகினார். “கேட்டத அப்படியே ஒத்துக்கிட்டாரு. பெரிய எடத்து ஆளாத்தான் இருக்கணும்.”

“மாமா, அவரு பரிசோதகருங்க. மாடுன்னா என்னன்னே தெரியாது.”

“கை குடுத்தாரா இல்லியா?”

அன்று மாலைக்குள் ஜூட்டின் கணக்குக்கு மாமாவின் குரல் செய்திகள் வரிசையாகப் போயின: மாட்டின் சுழி சுத்தம், பிண்ணாக்கு எது ஒத்துக்கொள்ளும், சார் எந்த ஊர்ப் பக்கம், வண்டி ஏற்பாடு செய்யவா. நான்காம் மறுப்பு உடனே வந்தது. ‘செயலிக்குள் மறைவான செயல்பாடு உள்ளது (துண்டு). மேலும், பரிசோதனையின்போது ஒரு பயனர் எங்களை இடைவிடாமல் தொடர்புகொள்கிறார்.’

5

ஜூட்டை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீல வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடியோடு ஒருவரை உட்கார வைத்துப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்காரர் எவராவது ‘மகிழ்ச்சியுடன் நன்றி’ என்பாரா? அடித்துவிட்டேன். தூங்காத கண்ணோடு ஒரு நாளில் நூறு செயலிகளைத் திறந்து மூடும் ஒரு பாவப்பட்ட ஆளாக எழுதினேன். அது உண்மையாக இருந்துவிடுமோ என்று பயந்து அதையும் அடித்தேன். ஒருவேளை ஆளே இல்லையோ. ஓர் இயந்திரம் கை கொடுத்து, அதற்காக ஒரு மாடு குளித்துவிட்டுக் காத்திருக்கிறதோ.

மாட்டைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அது ஜீயபுரத்தில், வாழைத் தோட்டத்து ஓரம் கட்டியிருந்தது. அதன் சொந்தக்காரி ரெங்கம்மாள் திருப்பூருக்குப் போக வேண்டும். மகள் பானுப்ரியாவுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது. வீட்டில் வேறு ஆள் இல்லை. மாட்டை விற்காமல் கிளம்ப முடியாது. ஜூட் கை கொடுத்த மாட்டை வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

“பாப்பா, அந்த ஜூட்டு வருவாரா மாட்டாரா?” என்று தேவதர்ஷினியைப் போனில் கேட்டாள்.

“வர மாட்டாருங்கக்கா.”

“அப்ப வேற ஆளுக்குக் குடுத்துரட்டா?”

“மாமா என்ன சொல்றாரு?”

“அவரு கெடக்காரு. கை குடுத்தவருதான் கைய விடணும்னு நிக்கிறாரு. நீ சொல்லு, எம்பொண்ணுக்கு வலி எடுத்தா அவருதான் கைய விடணும்னு சொல்லட்டா?”

6

வெள்ளைச்சாமி அன்றே ஸ்ரீரங்கம் வந்தார். அதற்குள் தேவதர்ஷினி பரிசோதகருக்கு மூன்று செய்திகள் எழுதியிருந்தாள்: தயவுசெய்து ‘கை விடு’ பொத்தானை அழுத்துங்கள். மூன்றுக்கும் ஒரே பதில், மகிழ்ச்சியுடன் நன்றி.

“விடுங்க மாமா” என்றாள் தேவதர்ஷினி. “நானே உள்ள போயி அழிச்சிடுறேன்.”

“உள்ளன்னா?”

“சர்வர்ல. ஒரு வரிதான்.”

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “துண்டுக்குள்ளயா?”

அவள் கைபேசியைக் குப்புற வைத்தாள்.

“அப்ப நான் எத்தன விரல் புடிச்சேன்னு ஒனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சிக்கலாம் மாமா. நான் பாக்கறதில்ல.”

“எல்லாரு விரலுமா?”

“சரியா வேல செய்யுதான்னு பாக்க ஒரு தடவ, ஆரம்பத்துல…”

அந்த வாக்கியத்தை நான் முடித்துவைக்கவில்லை. அவளும் முடிக்கவில்லை.

வெள்ளைச்சாமி தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும். “சந்தையில நானும்தான் சொன்னேன், எங்க பொண்ணு பாக்காதுன்னு” என்றார். “ரெங்கம்மா மாட்ட நீ அவுத்து விடு, வேணாங்கல. அவுத்தா மத்தவங்க கேப்பாங்க, யாரு அவுத்தான்னு. அப்பறம் எவனும் அந்தக் கறுப்புத் திரைக்குள்ள கைய விட மாட்டான்.”

கைபேசி சிணுங்கியது. ஐந்தாம் மறுப்பு.

செயலியோடு ஒரு தனியுரிமை அறிக்கை வைக்க வேண்டும் என்பது விதி. தேவதர்ஷினி அதை ஒரு சுவர்க் கடிகார விற்பனையாளரிடமிருந்து எடுத்து, கடிகாரம் என்ற இடத்தில் எல்லாம் மாடு என்று மாற்றியிருந்தாள். ‘தங்கள் மாடு தவறான நேரம் காட்டினால் நாங்கள் பொறுப்பல்ல’ என்று அது தலைநிமிர்ந்து அறிவித்தது. பரிசோதகர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி:

‘இருவர் பேசும் விலையை வேறு யார் காண இயலும்? தெளிவுபடுத்தவும்.’

கீழே ஒரு வெற்றுக் கட்டம்.

இத்தனை பக்கம் நான் கேலி செய்துகொண்டிருந்த ஜூட், ஆளோ இயந்திரமோ, சந்தையில் ஒருவரும் கேட்காததைக் கேட்டுவிட்டார். எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

7

சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்தில் கையில் புதுக் கயிற்றோடு ஜூட் இறங்குகிறார். (மறுக்கப்பட்டது. வாசகர்களை இந்த அளவுக்கு நம்பக் கூடாது.)

பரிசோதகர் மனம் இளகி, ‘கை விடு’ பொத்தானை அழுத்தி, பானுப்ரியாவுக்கு வாழ்த்தும் அனுப்புகிறார். (மறுக்கப்பட்டது. இரண்டாவது வாரமே சலித்துவிடும்.)

ரெங்கம்மாள் மாட்டோடு திருப்பூர் பஸ்ஸில் ஏற, கண்டக்டர் (இதை எழுதும்போதே சிரித்துவிட்டேன். ரெங்கம்மாள் சிரிக்க மாட்டாள்.)

மிச்சம் இருப்பது இரண்டுதான். கட்டத்தில் ‘யாரும் இல்லை’ என்று அடித்தால் செயலி கடைக்குப் போகும், தரகர்கள் இருப்பார்கள், செவலை கட்டுத்தறியில் நிற்கும். ‘நான்’ என்று அடித்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தால் ரெங்கம்மாள் பஸ் ஏறுவாள், மறுநாள் சந்தையில் அந்தக் கறுப்புத் திரையைத் தொட ஆள் இருக்காது.

மூன்றாவதாக ஒன்று உண்டு என்கிறீர்கள். ‘யாரும் இல்லை’ என்று அடித்துவிட்டு, சத்தமில்லாமல் அந்த ஒரு வரியையும் அழித்துவிடலாம். அவளுக்கும் அது தோன்றியது. எதிரே மாமா, மடித்த துண்டோடு, காபியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

தேவதர்ஷினி நகத்தைக் கடித்தாள். கேள்வியில் எழுத்துப் பிழை தேடினாள். இல்லை. அடித்தாள். அனுப்பினாள்.

8

என்ன அடித்தாள் என்பது எனக்குத் தெரியும். வாயால் சொல்ல மாட்டேன். சுற்றி ஆள் நிற்கிறது.

கையை நீட்டுங்கள். துண்டைப் போடுகிறேன். அவள் ‘யாரும் இல்லை’ என்று அடித்திருப்பாள் என்றால் என் ஒரு விரலைப் பிடியுங்கள். ‘நான்’ என்றால் இரண்டு. அந்த மூன்றாவது என்றால் மூன்று. கூச்சப்பட வேண்டாம், உள்ளே இருட்டுதான். ஒத்துவந்தால் நான் கை கொடுப்பேன். அதோடு கதை உங்களுடையது. ஜீயபுரத்தில் நிற்கும் மாட்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

எத்தனை விரல் பிடித்தீர்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. நானும் பார்க்க மாட்டேன்.

அவளும் இதைத்தான் சொல்லியிருந்தாள்.