வலப்பக்கம் விழுந்து வந்தவர்

குழாய்க்காரர் வார வீட்டுக்குள் போனபோது அவருக்கு இடது கையும் இடது காலும் வராது. ஏழாம் நாள் வெளியே வந்தபோது வலது கையும் வலது காலும் வரவில்லை. மருமகள் இதைக் கண்டுபிடித்தது வாசலிலும் அல்ல, வேனிலும் அல்ல; வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றும்போதுதான். இரண்டு வருடப் பழக்கத்தில் முதலில் வலது கையை உருவப் போனாள். அது துவண்டு அவள் மடியில் விழுந்தது. இரண்டு வருடமாக ஈரத் துண்டுபோல் தொங்கிக்கொண்டிருந்த இடது கை எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவள் கத்தவில்லை. கத்துவதற்கு முன்னால் சந்தேகப்படுவது அவள் சுபாவம். கையை விடுவித்துக்கொண்டு, மாமனாரை இரண்டடி தள்ளி நின்று பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. பேச்சும் போயிருந்தது.

ஊரின் கிழக்கோரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த மஞ்சள் கட்டடத்தைத்தான் எல்லோரும் வார வீடு என்பார்கள். வீட்டில் வயதானவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் வருடத்தில் இரண்டு முறை அவரை அங்கே ஒரு வாரம் விட்டுவிட்டு வரலாம். பார்த்துக்கொள்கிறவர் தூங்கி எழ வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதற்கு வெட்கப்பட்டு, கல்யாணத்துக்குப் போகிறோம், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று காரணம் சொல்லி விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மருமகள் காரணம் சொல்லவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “எனக்குத் தூக்கம் வருதுங்க” என்று மட்டும் சொன்னாள். அந்த வாரம் முழுக்கத் தூங்கினாள். நடுவில் எழுந்தால் ரொட்டியைக் கடித்துக்கொள்வாள், சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்த வாளியைக் கொட்டிவிட்டு வந்து மறுபடி படுப்பாள். தொட்டிக்கு அடியில் ஒரு குழாய் இணைப்பு, குழாய்க்காரர் விழுந்த மாதத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் இடதுகைக்காரர். அந்தக் குழாயைச் சுவருக்கும் கழிவுக் குழாய்க்கும் நடுவில், இடது கை மட்டுமே போய்த் திரும்பக்கூடிய சந்தில் அவரே மாட்டியிருந்தார். பழுதுபார்க்க வந்த இரண்டு பேர் தோளைச் சிராய்த்துக்கொண்டு, மாட்டினவன் மனுஷனே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் முதலில் சந்தேகப்பட்டது ஆளையே மாற்றிவிட்டார்களோ என்று. காதுக்குப் பின்னால் மச்சம் இருந்தது. முழங்காலில் பற்றவைப்பு விளக்கு சுட்ட தழும்பு இருந்தது. தலையணையை இரண்டாக மடித்தால்தான் படுப்பேன் என்ற அடமும் இருந்தது. ஆள் அவர்தான். அடுத்து, நடிக்கிறாரோ என்று சந்தேகப்பட்டாள். துணிக்கு மாட்டும் கிளிப்பை அவர் வலது கை விரலில் மாட்டிவிட்டு ஜன்னல் துடைப்பதுபோல் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் இமைகூடத் தட்டவில்லை. பிறகு அவளே அந்த விரலுக்குத் தைலம் தடவினாள். மருத்துவர் பழைய சீட்டைப் பார்த்தார், குழாய்க்காரரைப் பார்த்தார், யாரோ அவசரத்தில் மாற்றி எழுதியிருப்பார்கள் என்றார். அசதியில் இடது வலது குழம்புவது சகஜம் என்று அவளுக்கும் ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகும் எட்டு வருடம் கண்ணாடிக் கடையில் நின்று, வலது கண்ணுக்கு இவ்வளவு, இடது கண்ணுக்கு இவ்வளவு என்று வில்லை எடுத்துக் கொடுத்தவள் அவள். மாத்திரையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆனால் சந்தேகம் ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருக்கிற பொருள் அல்ல. அது திரும்பி அவள் மேலேயே வந்தது. எதிர்வீட்டு அக்கா கீரைக் கட்டோடு வந்து நின்று, “நல்லா வாயாடிக்கிட்டு இருந்த மனுஷன். திடீர்னு பேச்சு போகுதுன்னா ஏதாவது இருக்கணுமேம்மா” என்றாள். வெளியூரில் பாலம் கட்டும் வேலையில் இருந்த கணவன் போனில் இன்னும் நேராகவே கேட்டான்.

“ஒரு வாரம் நீ என்ன பண்ணினே?”

“தூங்கினேன்.”

“ஒரு வாரமாவா?”

“ஆமாங்க. இன்னொரு வாரம் கிடைச்சிருந்தா அதுலயும் தூங்கியிருப்பேன்.”

“எங்கப்பா பேச்சு போய்க் கிடக்கார், உனக்கு நக்கல். இனிமே வார வீடும் வேணாம், மாச வீடும் வேணாம். லீவுல வர்றேன், வந்து பார்த்துட்டு முடிவு பண்றேன்.”

அவன் வருவதற்கு ஒரு மாதம் இருந்தது. அதற்குள் நடந்தது என்னவென்று காட்டாவிட்டால் தன் ஆயுளில் இனி ஒரு வாரம் கிடையாது என்று அவளுக்குத் தெரிந்தது. மாமனாரை எதிர்வீட்டு அக்காவின் கண்காணிப்பில் உட்கார வைத்துவிட்டு, முதல் பஸ்ஸில் வார வீட்டுக்குப் போனாள்.

அங்கே அவளுக்கு முன்னால் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவர். அவருடைய அம்மா தையல்காரி. மூன்று வருடமாக வலப்பக்கம் விழுந்து, பேச்சில்லாமல் கிடந்தவள். இப்போது இடப்பக்கம் விழுந்திருக்கிறாள் என்பது அவர் புகார். “அது போகட்டும், பேச ஆரம்பிச்சுட்டாங்கம்மா! மூணு வருஷத்துப் பாக்கியையும் சேத்துப் பேசறாங்க. பல்லு விளக்கும்போதுகூட நிறுத்தறதில்ல. நான் வேன்லயே படுத்துக்கறேன்” என்றார். வார வீட்டுப் பொறுப்பாளர், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த அம்மாள், இருவரையும் உட்காரச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. “உள்ளே வந்தது ஒரு வலது, ஒரு இடது. வெளியே போனதும் ஒரு வலது, ஒரு இடது. எங்க கணக்குல எதுவும் குறையலை” என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, பெரியவர்கள் மதியத் தூக்கத்தில் நல்ல கையும் நல்ல கையும் கோத்துக்கொண்டு படுத்தால் சில நேரம் இப்படி ஆகிவிடுகிறது, கட்டில்களைத் தள்ளிப் போட்டாலும் நடுவில் நாற்காலி போட்டு அதன்மேல் கையை நீட்டிக்கொள்கிறார்கள், இரண்டு பேரும் சம்மதித்தால் அதே மாதிரி படுக்கவைத்துத் திருப்பிக்கொள்ளலாம் என்றார். போர்வை மாறிப்போனால் சொல்கிற அதே குரல். மருமகளுக்கு அந்தக் குரல்தான் பிடிக்கவில்லை.

வேன்காரரின் வீட்டில் தையல்காரி ஜன்னலோரம் உட்கார்ந்து, துணியை முழங்காலில் இடுக்கி, வலது கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. “வா கண்ணு, கண்ணாடிக் கடைக்காரி நீதானே? உன்னைப் பத்தி அவர் சொல்லாத நாளில்ல. இப்படி ஒரு முரட்டுப் பொண்ணு, மூட்டை இறக்கறவன்கூட மெதுவா இறக்குவான், இவ என்னைத் தொப்புன்னு போடறாங்கறதுல ஆரம்பிப்பார்.” மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு, நேரடியாகக் கேட்டாள்: யார் யாரிடம் கேட்டது?

“அவர்தான் கேட்டார். உங்க நல்ல கை இடது, என் நல்ல கை வலது, ரெண்டு பேருக்கும் உதவாத கையைக் கடவுள் மிச்சம் வெச்சிருக்கான், மாத்திக்கலாமான்னார். நான் வேணாம்னு தலையாட்டினேன். கூச்சப்படறேன்னு நினைச்சுக்கிட்டார். என் பக்கத்தோட பேச்சும் போகும்னு எப்படிச் சொல்வேன் சொல்லு? அதைச் சொல்லத்தானே எனக்கு வாயில்ல!”

“தலையாட்டினீங்க சரி. அப்புறம் கையைக் கொடுத்தீங்களே. ஏமாத்தித்தானே வாங்கியிருக்கீங்க?”

தையல்காரி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். “ஆசைதான். மூணு வருஷமா தண்ணி வேணும்னா தண்ணியைப் பாக்கணும், வெளிய போகணும்னா கதவைப் பாக்கணும். அவர் கையை நீட்டிட்டார். நானும் நீட்டிட்டேன்.” பிறகு சொன்னாள்: “ஆனா அவர் எதுக்குக் கேட்டார்னு தெரியுமா? எனக்கு ஊட்டும்போது என் மருமகளும் கூடவே வாயைத் திறக்கறா, ஒவ்வொரு கரண்டிக்கும் திறக்கறா, அவ தட்டு ஆறிப்போய்க் கிடக்குது, ரெண்டு வருஷமா அவ சூடா ஒரு வாய் சாப்பிட்டு நான் பாக்கலைன்னார்.”

“எங்க மாமாவா? இருக்கவே இருக்காது” என்றாள் மருமகள். சூப்பு ஆறிப்போச்சு என்று கரண்டியைத் தட்டிவிடுகிற மனுஷன் அவர். இவள் தன் குற்றத்தை மறைக்கக் கதை கட்டுகிறாள் என்றே பஸ்ஸில் வரும்போதும் நினைத்தாள். அன்றிரவு அவருக்கு முன்னால் கிண்ணத்தை வைத்துவிட்டு, வேண்டுமென்றே எழுந்து போய் கதவு மறைவில் நின்று பார்த்தாள். அவர் இடது கையால் கரண்டியை எடுத்தார். இரண்டு வாய் குடித்தார். பிறகு மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த அவளுடைய கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினார். ஈ விழாமல் இருக்கவும் மூடியிருக்கலாம். அவளுக்கு எதையும் ஒரே தடவையில் நம்பிப் பழக்கமில்லை. ஆனால் அவர் மூன்றாவது கரண்டியைத் தூக்கியபோது, கதவு மறைவில் தன் வாய் திறந்துகொண்டிருப்பதை அவள் கவனித்தாள்.

தையல்காரிக்கு மனசு கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், மூன்று வருடம் பேசாமல் இருந்தவளுக்கு மிச்ச நாள் ஒரு பெரிய விஷயமா என்று மகனிடம் சொல்லியனுப்பினாள். வேன்காரர் வேகமாக வேனைக் கொண்டுவந்தார். ஒரு மதியம் வார வீட்டில் இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டார்கள். தையல்காரி கண்ணை மூடிக்கொண்டு, இனி எப்போதும் சொல்ல முடியாது என்பதால் மகனை மூன்று தடவை சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, வலது கையை நீட்டினாள். குழாய்க்காரர் அந்தக் கையைப் பார்த்தார். சாய்ந்திருந்தவர் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். தன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பொறுப்பாளர் கெஞ்சினார். மருமகள், “மாமா, பேச்சு திரும்பிடும் மாமா. என்னைத் திட்டறதுக்காவது பேச்சு வேணாமா?” என்றாள். அவர் மதியத் தூக்க நேரம் முடிந்து மணியடித்த பிறகுதான் கையை வெளியே எடுத்தார். தையல்காரி அழுதாள், உடனே அழுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். வேன்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு வேனுக்குப் போனார்.

கணவன் லீவில் வந்தது ஒரு காலை நேரத்தில். பையை இறக்கக்கூட இல்லை. மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, “அப்பா, இவ உங்களை ஏதாவது பண்ணினாளா? ஆமான்னா தலையாட்டுங்க” என்றான். குழாய்க்காரர் தடியை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து, சமையலறைக்குப் போனார். இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். தொட்டிக்கு முன்னால் மெதுவாகத் தரையில் இறங்கி, ஓரம் சாய்ந்து படுத்து, எப்போது எடுத்து வைத்தாரோ தெரியாத ஸ்பேனரோடு இடது கையைச் சந்துக்குள் விட்டார். அரை நிமிடம் இரும்பு முனகியது. பிறகு சொட்டுவது நின்றது. அதுவரை வீட்டில் அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரியாத மாதிரி மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். குழாய்க்காரர் ஸ்பேனரால் கதவுப் பக்கம் காட்டினார். அங்கே அவருடைய பெட்டி இருந்தது. ஒரு கையால் மடித்த சட்டைகள் மூடியோரம் பிதுங்கிக்கொண்டிருந்தன. அதைக் காட்டிவிட்டு, மருமகளைக் காட்டி, கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். மகனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும், “அவரே வார வீட்டுக்குப் போறேங்கறாரே” என்றான், யாரிடமோ புகார் சொல்வதுபோல்.

அந்த வாரம் சொட்டுச் சத்தம் இல்லாமல் அவளுக்கு முதல் நாள் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து வந்தது.

பின்னால் வந்த வருடங்களில் குழாய்க்காரர் எப்போதும் தையல்காரி போகிற வாரத்திலேயே வார வீட்டுக்குப் போனார். அவள் பேசினாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார், இருவருக்கும் நடுவில் இருந்த நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது ஒருமுறை ஓய்வுபெற்ற தபால்காரரின் இருமலோடு வந்தார். இன்னொருமுறை தன் வெள்ளெழுத்தை யாருக்கோ கொடுத்துவிட்டு, தன்னுடையதைவிட நல்ல கண்ணோடு வந்தார். மருமகள் அந்தக் கண்ணைச் சந்தேகத்தோடு சோதித்துப் பார்த்து, பழைய கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, கடையில் சரக்கு எடுக்கிறவள்போல் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் ஆளை வாங்கிக்கொண்டாள். கடைசியாக நடந்ததும் அப்படித்தான்.

“இந்தத் தடவை என்னங்க?” என்று கேட்டாள்.

“காது. வலது காது கேட்காது. யாருதுன்னு இன்னும் பாக்கலை” என்றார் பொறுப்பாளர்.

மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வேனைச் சுற்றி அந்தப் பக்கம் போய், அவருடைய இடது காதில், “ஏறுங்க மாமா, சூப்பு ஆறிடும்” என்றாள்.