புகை வராத வண்டி

மெத்தைக் கடை மேலாளருக்கு டீசல் இன்ஜினைப் பற்றித் தெரியாதது எதுவுமே இல்லை. காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் போனும் மறு கையில் டார்ச்சுமாக, பட்டப்பகலில் வீட்டு வாசலில் அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததுமே மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தங்கையைக் கட்டியவர். மாப்பிள்ளை. காறித் துப்புவதானாலும் மனதுக்குள்தான் துப்பிக்கொள்ள வேண்டும்.

"வாங்க மச்சான். பேட்டரி வீக். நான் அப்பவே பாத்துட்டேன்."

"அப்படிங்களா மாப்பிள்ளை? எதுக்கும் ஒரு தடவை சாவியப் போடுங்க."

சாவியைத் திருகியதும் இன்ஜின் விறுவிறுவென்று சுற்றியது. பற்றத்தான் இல்லை. பேட்டரி செத்த வண்டியா இப்படிச் சுற்றும்? முக்கும், முனகும், அடங்கிவிடும். போனில் எவனோ ஒருவன் பேட்டரி என்று சொல்லியிருப்பான், இந்த மேதாவியும் அதை அப்படியே விழுங்கியிருக்கும். மெக்கானிக் வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தான்.

"மச்சான், இன்ஜின் முன்னாடி இருக்கு!" என்று மாப்பிள்ளை சிரித்தார். பக்கத்தில் நின்ற ஆளும் கூடச் சிரித்தான்.

அந்த ஆள்தான் வண்டியை வாங்க வந்தவன். வெளியூர். வெள்ளை வெளேரென்ற ஷூவோடு, காலை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்து நின்றுகொண்டிருந்தான். இன்றைக்கு வண்டியை எடுத்தால் எடுப்பான், இல்லையென்றால் வேறு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான், அதை வாங்கிக்கொண்டு போய்விடுவான். அதனால்தான் மாப்பிள்ளைக்கு இத்தனை அவசரம்.

வண்டி அவருடையதும் அல்ல. தங்கை தன் சம்பளத்தில் வாங்கியது. ஊருக்கு மறுகோடியில் இருக்கும் ஆஸ்பத்திரி லேப்பில் அவளுக்கு வேலை. விடியற்காலை ஷிஃப்டுக்குப் போக பஸ் கிடையாது, இந்தக் காரை விட்டால் வேறு கதியில்லை. "வண்டி போச்சுன்னா வேலை தானா போயிடும் மச்சான். வேலைய விடுன்னு நான் ஏன் வாயால சொல்லிக் கெட்ட பேர் வாங்கணும்?" என்று போனிலேயே மாப்பிள்ளை பெருமையடித்துக்கொண்டார். தன் சாமர்த்தியத்தை ஊரார் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிற ரகம்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, "அவ என்ன சொல்றது? சரின்னுட்டா" என்றார்.

மெக்கானிக்குக்குத் தங்கை மேலும் அதே அளவு எரிச்சல் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் மெக்கானிக் ஷெட்டில் லாரி டிரைவர்களையே வாயால் விரட்டியவள், இந்த மெத்தை வியாபாரியிடம் வந்து வாயில்லாப் பூச்சியாகிவிட்டாள். அவளே சும்மா இருக்கும்போது தனக்கென்ன வந்தது? வந்த வேலையை முடித்து, வெள்ளை ஷூவுக்கு முன்னால் இந்த மனிதரின் முகத்தில் நன்றாகக் கரி பூசிவிட்டுப் போகலாம் என்றுதான் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"திருகுங்க மாப்பிள்ளை."

இன்ஜின் சுற்றியது. சைலன்சரில் துளிப் புகை இல்லை.

"ஹீட்டர் பிளக் போயிருக்கும். இதுல போட்டிருக்கான் பாருங்க" என்று மாப்பிள்ளை போனை நீட்டினார்.

"ஹீட்டர் பிளக் போயிருந்தா வெள்ளப் புகையாவது வரும். டீசல் உள்ள போகும், எரியாது. இங்க புகையே இல்ல. டீசல் போய்ச் சேரவே இல்ல."

"டேங்க் ஃபுல்லா இருக்கே!"

"டேங்க்ல இருந்தா போதுமா? சட்டியில இருக்கறது தானா வாய்க்குள்ள வந்துடுமா?"

வெள்ளை ஷூ சிரித்தான். மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. மெக்கானிக்குக்குக் குளுகுளுவென்றிருந்தது.

டீசல் ஃபில்டர் மேலிருந்த கைப்பம்பை அமுக்கினான். நாலைந்து அமுக்கில் விரலுக்குக் கல்லாக இறுக வேண்டும். பத்துப் பதினைந்து அமுக்கியும் பொசுக் பொசுக்கென்றே இருந்தது. எங்கேயோ காற்று இழுக்கிறது. டேங்கிலிருந்து வரும் குழாயில் ஓட்டை விழுந்தால் வெளியே சொட்டாது, டீசலுக்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொண்டு அமைதியாக இருக்கும். மாப்பிள்ளைதான் எதையோ நோண்டிவிட்டு நல்லவர் போல நிற்கிறார் என்று முடிவு கட்டினான்.

"ஆஹா, மாட்டுச்சு!" என்று உரக்கச் சொன்னான். "இதுல யாரு கை வச்சது?"

"யார் வைப்பா? நான் மூடியத் திறந்ததே இன்னிக்குத்தான்."

'புளுகு, நல்லா புளுகு' என்று நினைத்துக்கொண்டே, ஃபில்டருக்கு அடியில் கையை நுழைத்தான். முழங்கை வரை சிராய்த்தது. குழாயைப் பிடித்திருக்கும் கிளிப் விரலில் பட்டது. தளர்ந்திருந்தது, ஒரே ஒரு சுற்று. எப்போதும் மேல் பார்த்து இருக்கும் அதன் திருகு, கீழே பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

அவன் கை அங்கேயே நின்றுவிட்டது.

அப்பாவின் ஷெட்டில், பிரேக் வேலை பாதியில் கிடக்கும்போதே "அவசரம், அப்படியே எடுத்துட்டுப் போறேன்" என்று அடம்பிடிக்கிறவர்கள் வருவார்கள். அவர்களோடு வாயாடிப் பிரயோஜனம் இல்லை. அப்பா கண்ணைக் காட்டுவார். தங்கை போய் இந்தக் கிளிப்பை ஒரு சுற்றுத் தளர்த்தி, திருகு யார் கண்ணிலும் படாதபடி கீழே திருப்பிவிட்டு, ஒன்றும் அறியாதவளாக வந்து உட்கார்ந்துகொள்வாள். அந்த இடுக்கில் அவள் கைதான் நுழையும். ஆள் திருகித் திருகி ஓய்ந்துபோய் நடந்தே வீட்டுக்குப் போவான். இந்த வேலை தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். அதில் அப்பா இப்போது இல்லை.

மெக்கானிக் தலையைத் தூக்கினான். வீட்டு ஜன்னலுக்கு உள்ளே தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். இவளைப் போயா பூச்சி என்று நினைத்தோம் என்று அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

"என்ன மச்சான், மாட்டுச்சுன்னீங்க?"

"இல்ல... அப்படித் தோணுச்சு. பம்பா இருக்கலாம்."

வெள்ளை ஷூ உடனே முன்னால் வந்தான். "பம்பா? அப்ப கவலையில்ல. கொஞ்சம் குறைச்சுக் குடுங்க, கட்டி இழுத்துட்டுப் போய் நான் மாத்திக்கறேன். இன்னதுன்னு தெரிஞ்சா போதும்."

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டான். எந்தக் கோளாறின் பெயரைச் சொன்னாலும் இவன் விலை பேசிவிடுவான். பெயர் இல்லாத கோளாறுக்குத்தான் பயப்படுவான்.

"பம்பும் இல்ல போலிருக்கு" என்றான்.

"அப்ப இன்ஜெக்டரா?"

"அதுவும் சொல்ல முடியாது."

மாப்பிள்ளையின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "என்ன மச்சான் இது? இத்தனை வருஷமா ஷெட்டுல என்னதான் பண்ணீங்க? டீ குடிச்சீங்களா?"

ஸ்க்ரூ டிரைவர் கையிலேயே இருந்தது. ஒரு சுற்று இறுக்கி நாலு அமுக்கு அமுக்கினால் வண்டி உறுமும், இந்த இளிப்பு அந்தக் கணமே அணைந்துபோகும். அவன் விரல்கள் அரித்தன. எந்த வண்டியைப் பார்த்தும் அவன் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. போயும் போயும் இந்த ஆளிடமா?

"எனக்குத் தெரியல மாப்பிள்ளை" என்றான்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"தெரியல. என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியல."

வெள்ளை ஷூ போனைக் காதில் வைத்தபடி கேட்டைத் தாண்டினான். இரண்டாவது வண்டிக்காரனிடம் பேசுவது தெருவரை கேட்டது. மாப்பிள்ளைக்கு விற்பனை போன வருத்தம் கொஞ்ச நேரம்தான். "இந்தச் சனியன இனி எவனும் சீந்த மாட்டான். அவளே வச்சு மாரடிக்கட்டும்" என்று உள்ளே போனவர், யாருக்கோ போன் போட்டு, "நம்ம மச்சானுக்கே புரியலயாம்!" என்று குதூகலமாகச் சொல்ல ஆரம்பித்தார். இனி எந்த விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் கதைதான் ஓடும்.

தங்கை சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்தாள். அவள் மணிக்கட்டிலும் புதிதாக ஒரு சிராய்ப்பு இருந்தது.

"வேலையா இது?" என்றான் மெக்கானிக், தணிந்த குரலில். "விரல் வச்ச உடனே தெரியுது. திருகை இன்னும் உள்ள தள்ளியிருக்க வேணாமா?"

"கை முன்ன மாதிரி நுழையலண்ணா. வளையலக் கழட்டிட்டுத்தான் விட்டேன்."

"காலையில இறுக்கிட்டு நாலு அமுக்கு அமுக்கு. கிளம்பிடும்."

"அது தெரியும்ணா." அவன் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அவரு வாங்கறதுக்கு ஆள் கூட்டிட்டு வர்ற அன்னைக்கெல்லாம் மறுபடியும் நிக்கும். அப்பவும் உன்னைத்தான் கூப்பிடுவாரு."

உள்ளே மாப்பிள்ளை இரண்டாவது ஆளுக்கு போன் போட்டு முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் பல்லைக் கடித்தபடி கையைக் கழுவினான்.

"கூப்பிடட்டும். வரேன்" என்றான்.