காற்றுக்கண் இல்லாத சிதை

என்னைப் பெற்ற ஐயா இறந்துபோன செய்தியை எனக்கென்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுண்ணாம்பு ஏற்ற வந்த தேவதானத்து வண்டிக்காரர் போகிற போக்கில் சொன்னார். ஜெர்மன்காரன் சண்டை தொடங்கிய வருஷத்து ஐப்பசி அது. கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறினேன். ராஜபாளையத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, சேத்தூரில் இறங்கி, மீதி வழியை மழையில் நடந்தேன். ஊருக்குள் நுழைந்தபோது பாடை கிளம்பிப் போயிருந்தது.

வாசலில் சித்தி என்னை மறித்தாள். பெண்கள் குளித்துவிட்டு வரும்வரை வெளியே நில் என்றாள். அதில் கோபம்கூட இல்லை. வழி கேட்டு வந்தவளுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். நான் சத்தியநேசனைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் வாங்கி, வெள்ளைத்தாய் என்ற பேரை விட்டுப் பரிபூரணம் ஆன அன்றே ஐயா என்னைத் தலை முழுகிவிட்டார். செத்தவளுக்குச் செய்வதை எனக்குச் செய்து முடித்த வீட்டில் நான் எந்த உரிமையில் அழுவது? அவர்கள் கூரைக்கு அடியில் ஒதுங்கவும் பிடிக்கவில்லை. சுடுகாட்டுக்குப் போகும் ஓடைக்கரைப் பாதையில் இறங்கிவிட்டேன். எங்கள் ஊரில் பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. என்னைத்தான் மகள் கணக்கிலேயே சேர்க்கவில்லையே, எனக்கென்ன தடை.

ஐயாவை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல நான் போகவில்லை. மன்னிக்கவில்லை. எனக்கு வேறு பயம் இருந்தது. ஐயாவின் அண்ணனை இதே போல ஓர் அடைமழையில் எரித்தார்கள். தீ பாதியில் அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் சாம்பல் அள்ளப் போனவர்கள், நரி இழுத்துப் போட்டிருந்ததைக் கண்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலமும் ஐயா, “என்னியக் கோடையில கொண்டுபோயிரு சாமி” என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எதற்கும் அஞ்சாத மனுஷர் அந்த ஒன்றுக்கு அஞ்சினார். சாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்தில் விறகையும் சாணத்தில் தட்டிய எருவாட்டியையும் அடுக்கி, உடலை வைத்து, மேலே வைக்கோலைப் பரப்பி, குழைத்த களிமண்ணால் பூசி மூடுவார்கள். காற்றுப் போக அங்கங்கே கண் விடுவதும், உடம்பு சாம்பலாகும்வரை கூட இருந்து எரிப்பதும் சுடுகாட்டு மாரிசாமியின் பொறுப்பு. அன்று அவர் மலைக்காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தார். அதனால் சொந்தக்காரர்களே பூசினார்கள். உள்ளே ஒரு சொட்டு இறங்கிவிடக் கூடாது என்ற அக்கறையில் மண்ணை வாரி வாரி அப்பினார்கள். கண் என்று ஒன்றுகூட விடவில்லை. பனைகளுக்குப் பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு சுடும் காளவாசலில் கல்லோடு கல்லாக வெந்துகொண்டிருப்பவள் நான். மழையில் நனைந்த நெருப்பைக்கூடக் காப்பாற்றிவிடலாம். மூச்சு முட்டிய நெருப்பைக் காப்பாற்ற முடியாது.

தம்பி சோலைராஜ் கொள்ளி வைத்தான். தலைமாட்டில் ஊற்றியிருந்த மண்ணெண்ணெய் குபீரென்று பிடித்தது. அந்தச் சுவாலையைப் பார்த்ததும் எல்லோருக்கும் நிம்மதி. கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் போகிற உயிருக்கு வழி மறிக்கும் என்பது வழக்கம். கூட வந்தவர்களும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போவார்கள். ஆகையால் மண்ணெண்ணெய் தீர்ந்ததும் தீ படுத்துவிட்டதை ஒருத்தரும் பார்க்கவில்லை. வெள்ளையாகக் கொஞ்சம் புகை கசிந்தது, பிறகு அதுவும் நின்றது. மேலே மழை பெய்துகொண்டிருந்தது. ஐயா ஈர மண்ணுக்குள் எரியாமல் கிடந்தார்.

எல்லோருக்கும் கடைசியில், மொட்டைத் தலையோடு தம்பி போய்க்கொண்டிருந்தான். பனையைக் கடந்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டேன். அப்படியே நின்றான், திரும்பவில்லை.

“அக்காவா?” என்றான். இத்தனை காலம் கழித்தும் குரலை மறக்கவில்லை.

“தீ அணைஞ்சிட்டுலே.”

அவன் தோள் இரண்டும் தொங்கிப் போயின. பிறகு, தான் திரும்பக் கூடாதே என்றான். மாரிசாமியை எழுப்பிக் கூட்டி வரட்டுமா என்றான். எழுந்து நிற்க முடியாத மனுஷரைக் கூட்டி வந்து பக்கத்திலேயே படுக்க வைக்கவா என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் வாயில் வரும். அவன் அழத் தொடங்கிவிட்டான். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. சாய்ந்துவிட்டால் நரி வரும். அவனை அழவிட எனக்கு நேரமில்லை.

“நீ திரும்ப வேண்டாம்லே. முன்னால பாத்துப் போ. தோப்புக் கொட்டில்ல மாட்டுக்கு மூட்டம் போட்டிருப்பாக. ஒரு ஓட்டுச் சட்டியில கங்கு அள்ளிக்கோ, காஞ்ச எருவாட்டி எம்புட்டு கெடைக்கோ அம்புட்டும் கொண்டா.”

அவன் போனதும் நான் வேலையில் இறங்கினேன். உடம்பில் சத்து என்று ஒன்றும் மிச்சமில்லை. முந்தின நாள் முழுக்கக் காளவாசலுக்குக் கல் சுமந்திருந்தேன், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பனையின் கழுத்தில் அடுக்கடுக்காகக் காய்ந்து தொங்கும் காவோலையில் மேலே இருப்பது நனைந்திருக்கும், அடியில் இருப்பது நனையாது. ஆள் உயரத்து இளம்பனை வடலி ஒன்றில் கையை விட்டு அடி ஓலையை இழுத்தேன். மட்டை இடுக்கில் சல்லடைத் துணி மாதிரி இருக்கும் பன்னாடையையும் பிய்த்து மடியில் கட்டிக்கொண்டேன். மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மிஞ்சிக் கிடந்த கருவேலங்கட்டையின் ஈரப் பட்டையை அதனால் கொத்தி எறிந்து, உள்ளே காய்ந்திருந்த வைரத்தைச் சிராய் சிராயாகப் பிளந்தேன். கை முழுக்கக் கிழிந்தது. இதெல்லாம் மகன்கள் செய்ய வேண்டிய வேலை என்று நினைத்துக்கொண்டேன், யாரிடம் சொல்ல?

பாதையில் தம்பி வருவது தெரிந்தது. வந்த விதத்தைப் பார்த்து, அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. தலையில் எருவாட்டி மூட்டை, கையில் கங்குச் சட்டி, அதன்மேல் கவிழ்த்த ஓடு. கொட்டிலிலிருந்து அவ்வளவு தூரமும் பின்பக்கமாகவே நடந்து வந்திருந்தான். வரப்பில் இரண்டு முறை விழுந்திருப்பான் போல, முதுகெல்லாம் சேறாக இருந்தது. கங்கைக் கொட்டவில்லை. வழக்கத்தையும் விடவில்லை, ஐயாவையும் விடவில்லை. நான் போய் வாங்கிக்கொண்டேன். என் பக்கம் பார்க்காமல் ஓடைக்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

காற்று மேற்கே மலையிலிருந்து வந்தது. அந்தப் பக்கத்தில், தரையை ஒட்டி, மண் பூச்சை உடைத்து ஒரு கண் திறந்தேன். எதிர்ப்பக்கம் உச்சியில் புகை போக இன்னொன்று. மற்றப் பூச்சை அப்படியே விட்டேன். மழைக்கு அதுதான் கூரை. கீழ்க்கண்ணுக்குள் ஈரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஓட்டுச் சில்லைப் பரப்பி, அதன்மேல் பன்னாடை, பன்னாடை நடுவில் கங்கு, சுற்றி ஓலை நறுக்கு, பிறகு சிராய். பெரிய கட்டையை எடுத்த எடுப்பில் வைக்கக் கூடாது, வைத்தால் சின்ன நெருப்பு அதன் ஈரத்திலேயே செத்துவிடும். ஆமணக்கின் இலைக்காம்பு குழலாக இருக்கும். ஒன்றை ஒடித்து, மண்ணில் கன்னம் படக் குப்புறக் கிடந்து ஊதினேன்.

முதலில் பிடித்தது அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. புகையில் கண் எரிந்து, தலை சுற்றியது. போதும், எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. அவருக்காக நான் ஏன் இந்தச் சேற்றில் கிடக்க வேண்டும்? என் பிள்ளைகள் முகத்தைக்கூடப் பார்க்காத மனுஷர். ஆனால் அவர் நனைந்துகொண்டு கிடப்பது எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவுதான், அதற்கு மேல் காரணம் இல்லை. கங்கில் பாதியை ஒதுக்கி வைத்திருந்தேன். அதைப் போட்டு, சிராயைக் குறைத்து, மெல்ல ஊதினேன். ஓலை சடசடத்தது. எருவாட்டியை விளிம்பில் சாத்திச் சூடேற்றி, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். சற்று நேரத்தில் மேல்கண்ணில் கறுப்பாகப் புகை எழும்பி, பிறகு உள்ளே காற்று இழுக்கும் சத்தம் கேட்டது. காளவாசலில் அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் ஓய்வாக உட்காருவோம்.

உட்கார விடவில்லை. நன்றாக எரிந்துகொண்டிருக்கையில் மேல் மண் விரிந்தது. உள்ளே ஐயாவின் நெஞ்சு தூக்கியது. சூட்டில் நரம்பு இழுத்தால் அப்படி ஆகும், கம்பால் அடித்து அழுத்த வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விட்டால் கட்டை சரிந்து மழை உள்ளே விழும். மாரிசாமியின் மூங்கில் கம்பு புளிய மரத்தில் சாத்தியிருந்தது. எடுத்தேன். கை ஓங்கவில்லை.

“என்னக்கா?” என்றான் தம்பி, ஓடையைப் பார்த்தபடி.

“ஒண்ணுமில்ல. நீ அங்கயே இரு.”

“ஐயா, படுங்க. நான்தான், வெள்ளைத்தாய்” என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். அந்தப் பேரை நான் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. இரண்டாவது அடியில் அடங்கினார். கம்பைப் பழையபடி புளிய மரத்தில் சாத்தினேன்.

பொழுது மங்கத் தொடங்கியபோது நரி இழுக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கங்கு மட்டும் செக்கச் செவேலென்று கிடந்தது, மழை விழ விழச் சீறியது. முடிந்தது என்று தம்பியிடம் சொன்னேன். அவன் எழுந்தான். நெடுநேரம் யோசித்து வைத்திருந்தவன் போலப் பேசினான்.

“நீ இங்கன வந்ததை நான் ஆருட்டயும் சொல்ல மாட்டேங்க்கா. பயப்படாத.”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று முழுவதும் வராத அழுகை கோபமாக வெளியே வந்தது.

“எதுக்குலே மறைக்கணும்? நான் என்ன களவாண்டுட்டா போறேன்? கொள்ளி வச்சது நீ. எரிச்சது நான்.”

அவன் நடந்தான். அவன் போகும் பாதைதான் எனக்கும் பாதை, பின்னாலேயே நடந்தேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. மழையிலும் எரிந்ததென்று நாளை ஊரெல்லாம் சோலைராஜின் கைராசியைப் பேசும், பேசட்டும், எனக்குத் தூங்க ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று மனம் சலித்துவிட்டது.

ஊர் எல்லையில், தாழங்குடையோடு வேலுசாமிச் சித்தப்பா தம்பியைத் தேடி வந்துகொண்டிருந்தார். ஐயாவின் கூடப்பிறந்த தம்பி. மண்ணை அதிகமாக அள்ளி அப்பியவர் அவர்தான். எங்கே போனாய், வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறோம் என்று அவனைக் கடிந்துகொண்டார். பிறகு குடையைத் தூக்கி, பின்னால் கரியும் சேறுமாக நின்ற என்னைப் பார்த்து, ஆரு இந்தப் பொம்பள என்று கேட்டார். அடையாளம் தெரிந்துதான் கேட்டார்.

சோலைராஜ் நின்றான்.

“எங்க அக்கா. நீங்க மூடிட்டு வந்த தீ அணைஞ்சு போச்சு சித்தப்பா. அவதான் ஐயாவ எரிச்சிட்டு வாரா. குளிக்கதுக்கு அவளுக்கும் தண்ணி எடுத்து வைக்கச் சொல்லுங்க.”

சித்தப்பா குடையைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். என் கால் அதற்கு மேல் வரவில்லை. பாதையிலேயே, சேற்றிலேயே உட்கார்ந்து, ஐயா செத்துப்போனாரே என்று அப்போதுதான் அழுதேன்.